அம்பு ஒட்டிய பக்கங்கள்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடித்திருக்காது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, இல்லையென்றால் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது என்று ஏதாவது சொல்லி, அதன் மேல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டுப் போயிருப்பார். ஆம்பூரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. செக்கிங் அக்கா என்றால்தான் தெரியும்.

ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தார். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஷூவையும் கையில் எடுத்து, ட்யூப்லைட் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். எங்கேயாவது தையல் விட்டிருந்தால், தோலில் கீறல் இருந்தால், அந்த இடத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்பு ஒட்டிய ஷூ திரும்பவும் லைனுக்குப் போகும். அதற்கு ரீஒர்க் என்று பெயர். இனிமேல் தேறாது என்பதை ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். அக்கா அந்தப் பெட்டியில் எதையும் போட்டு யாரும் பார்த்ததில்லை என்பார்கள் அவருடன் வேலை செய்தவர்கள்.

"இன்னாத்துக்கு ரிஜெக்ட்டு? ஒரு தையலைப் பிரிச்சா சரியாப்பூடும்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பாராம். லைனில் இருப்பவர்களுக்கும் சூப்பர்வைசருக்கும் இதனால் தினமும் பேஜார். அதோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். புத்தகமும் எழுதினார். அதுதான் எனக்கு வந்த வினை.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மசூதி நோட்டீஸ், சர்ச் திருவிழா அழைப்பு, கம்பெனிக்காரர்களின் சம்பளச் சீட்டு, எல்லாம் அடித்துக் கொடுப்பேன். எதுவாக இருந்தாலும் காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். செத்தவர் பெயர் சரியாக இருந்தால் போதும், மீதியை யாரும் படிப்பதில்லை. இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கடைக்குள் ஒரு நாள் சாயந்திரம், கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்க, கையில் ஒரு கத்தைத் தாளோடு அக்கா வந்தார். கம்பெனி வேனில் தினமும் ஒன்றாகப் போய்வருகிற பெண்களைப் பற்றிய கதைகள். சென்னையில் நாலைந்து பதிப்பகத்துக்கு அனுப்பிப் பதிலே வராமல், நாமே போட்டுக்கொண்டால் என்ன என்று முடிவு செய்திருந்தார்.

டைப் செய்து புரூஃப் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது தாள் முழுக்கச் சிவப்பு அம்புகள், அம்மை போட்ட மாதிரி.

"என்னக்கா இது? பேனாவுல சுழிச்சா போதாதா?"

"பேனாவுல சுழிச்சா காயமாப்பூடும் தம்பி. அம்புன்னா உரிச்சு எடுத்துடலாம்."

"சரி, இந்த எடத்துல இன்னா தப்பு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். "தெரியல. ஆனா கை வெச்சா உறுத்துது."

உறுத்துகிறது என்றால் நான் என்ன செய்ய முடியும்? எந்தக் கீயை அழுத்துவது? மாற்றினோம். மறுபடி உறுத்தியது. மறுபடி மாற்றினோம். கடைசியில் என் மனைவி வந்து, வீட்டுக்கு வருகிறாயா இல்லை கடையிலேயே குடித்தனம் நடத்துகிறாயா என்று கேட்ட அன்றைக்குத்தான் அச்சுக்குப் போனது.

அச்சாகி வந்தால் முடிந்தது என்று நினைத்தேன். அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், கம்பெனி வேன் ஓட்டுபவர். வேனில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "எங்க வீட்டுக்காரம்மா எழுதனது" என்று அவரே விற்றார். புத்தகம் நன்றாகத்தான் போனது. ஒரு மாதம் கழித்து அக்கா, வாங்கியவர்களின் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். "அந்த புக்கைக் கொஞ்சம் குடு, ஒரு சின்ன ரீஒர்க் இருக்கு" என்று வாங்கி வந்து, என்னிடம் புதிதாக ஒரு பக்கம் அடிக்கச் சொல்லி, பழைய பக்கத்தின் மேல் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். ஒட்டுவதற்குப் பசை கிடையாது. ஷூவுக்கு சோல் ஒட்டுகிற சொல்யூஷன். அக்காவின் புத்தகத்தைப் பிரித்தால் புதுச் செருப்பு வாசனை வரும்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் என் கடைக்கே வந்து சண்டை போட்டார். "கதையில வர்ற அப்பா மொதல்ல தோல் மண்டியில கணக்கு எழுதிகினு இருந்தாரு. புக்கு திரும்பி வந்தப்ப ரயில்வே கேட் கீப்பர் ஆயிட்டாரு. இப்ப பாத்தா செத்தே பூட்டாரு. நான் எதைய்யா நம்பறது?" அவரிடம் சிரிக்காமல் பேசி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேலூரில் ஒரு புத்தகக் கண்காட்சியில் வேறொருவருடைய ஸ்டால் ஓரத்தில் ஒரு மேசை கிடைத்தது. நானும் போயிருந்தேன். வருகிறவர்கள் எதிரிலேயே அக்கா தன் புத்தகத்தைப் பிரித்து வைத்து அம்பு ஒட்டிக்கொண்டிருந்தார். புரட்டிப் பார்த்தவர்கள் மெதுவாக வைத்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தார்கள்.

"வாங்க வந்தவங்க கிட்டயே கொறையைக் காட்டுனா எவன்க்கா வாங்குவான்?"

"கொறை தெரிஞ்சு வாங்கறவன் போதும் தம்பி. அவன் நாளைக்கு வந்து கேக்க மாட்டான் பாரு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். ஆனால் அவர் மேல் கோபத்தை வைத்திருக்க முடியாது. அடுத்த மழைக்கு அவர் வீட்டுக் கூரை ஒழுகி, கட்டிலுக்கடியில் இருந்த புத்தகக் கட்டெல்லாம் நனைந்துவிட்டது. நான் போனபோது அக்கா கூடத்தில் கயிறு கட்டி, புத்தகங்களைப் பிரித்துக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, தோல் பதனிடுகிற ஷாப்பில் காயப்போடுகிற மாதிரி வரிசையாகக் காயப்போட்டிருந்தார். நெளிந்து போன பக்கங்களை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். ரிஜெக்ட் என்று நான் வாயெடுப்பதற்குள் இன்னோர் இஸ்திரிப் பெட்டியை என் கையிலும் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது புத்தகம் ஒரு நாவல். ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்யும் ஒருத்தி. இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், டயாலிசிஸுக்குப் போய்வந்து, கடைசி அத்தியாயத்தில் வார்டில் செத்துப்போகிறாள். அக்காவின் தெருவில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தது. அவரைப் பார்க்கப் போன சாக்கில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்து எழுதியது. கடைசி அத்தியாயத்தை நான் டைப் செய்யும்போது பக்கத்திலேயே நின்றார்.

"கண்ணு கலங்குதா தம்பி?"

"தூசிக்கா."

"தூசிதான், தூசிதான்" என்று சந்தோஷமாகச் சிரித்தார். அந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும் அவர் ஓர் அம்புகூட ஒட்டவில்லை. தாளைச் சாய்த்துப் பார்த்துவிட்டு "ஏ கிரேடு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நாவல் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்காவின் கால் வீங்கியது. நாள் பூரா நிற்கிற வேலை, வீங்காமல் என்ன செய்யும் என்று தள்ளிப்போட்டார். பிறகு முகமும் வீங்கியது. வேலூரில் டெஸ்ட் எல்லாம் எடுத்து, டாக்டர் பொறுமையாக விளக்க ஆரம்பித்தாராம். அக்கா கையைத் தூக்கி, "தெரியும் சார். நான் இதைப் பத்தி புக்கே போட்டிருக்கேன்" என்றாராம். மாமா இதை என்னிடம் சொல்லிவிட்டு, கடை வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது. சிரிப்பை அடக்கினால் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் சில நாள் டயாலிசிஸுக்கு வேலூர், மீதி நாள் என் கடை. கம்பெனி வேலையை விட்டாகிவிட்டது. உட்கார் என்றால் உட்கார மாட்டார். கடைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார். இடது கையில் மெஷினுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஓர் ஆபரேஷன் செய்திருந்தார்கள். ஒரு நாள் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். உள்ளே ஏதோ விர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"தையல் மெஷின் மோட்டாரு மாதிரி இல்ல? நிக்கவே நிக்காது. நின்னா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொல்லியிருக்காங்க" என்றார், ஏதோ பெருமை போல.

தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். வேலூர் வெயிலில் அது என்ன கொடுமை என்று எனக்கு அவரைப் பார்த்துத்தான் தெரியும். சின்ன ஃப்ளாஸ்கில் ஐஸ் கட்டி கொண்டு வருவார். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கரைய விடாமல் பேசுவார். "தாகம்தான் தம்பி இதுல பெரிய வில்லன். அதை என் நாவல்ல ஒரே ஒரு வரியில எழுதிட்டுப் போயிருக்கேன் பாரு, மடச்சி." இப்படி ஆரம்பித்து நாவல் மேல் ஒரு வெறுப்பு வந்துவிட்டது. குறிப்பாக அந்தக் கடைசி அத்தியாயம். மிச்சமிருந்த பிரதிகளையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளினார். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா தலையாட்டினார். ஆனால் ஆஸ்பத்திரிப் பையின் அடியில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்குப் பெருமை.

அந்தப் பெருமைதான் எங்களை ஆலங்காயம் வரை விரட்டியது.

வார்டில் அக்காவின் பக்கத்து பெட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயது. ஆலங்காயத்துப் பெண், கிளவுஸ் தைக்கிற கம்பெனியில் இருந்தவள். நாள் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுவாள். இனிமேல் வர மாட்டேன், இப்படிப் பிழைக்கிறதுக்குச் சும்மா இருந்துவிடலாம் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பது அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் அக்காவுக்கு மெஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கிக் கண் சொருகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் மாமாவிடம், "படிக்க ஏதாச்சும் இருக்காண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். மாமா சந்தோஷமாகப் பைக்குள் கையை விட்டிருக்கிறார்.

அக்கா கண் திறந்தபோது அந்தப் பெண் போய்விட்டாள். புத்தகமும் போய்விட்டது.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் அக்கா வாசலில் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. "தம்பி, சிஸ்டம் போடு. அவ கடைசி சேப்டரு படிக்கிறதுக்குள்ள மாத்தணும். அதே வியாதி, அதே வார்டு. அவ ஏற்கெனவே வர மாட்டேங்கறா. நான் எழுதனதைப் படிச்சான்னா நிச்சயம் வர மாட்டா. நானே கொன்ன மாதிரி ஆயிடும்."

"போன் பண்ணிச் சொல்லுங்களேன்க்கா."

"ஸ்விட்ச் ஆஃப்."

மாமாவுக்கு அன்று வேன் ட்யூட்டி. நான் சிஸ்டத்தைப் போட்டேன். அக்கா நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார். கதாநாயகிக்கு ஒரு கிட்னி கிடைக்கிறது. யார் கொடுக்கிறார்கள்? "அதானே, யாரு குடுப்பா?" அழி. அவள் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். எங்கே? மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதானே போக முடியும். அழி.

"கனவுன்னு போட்டுடலாமா தம்பி?"

"கனவுன்னு போட்டா நான் கரன்ட்டை ஆஃப் பண்ணிடுவேன்க்கா."

"ஆமா, கேவலமாத்தான் இருக்குது."

ஒரு வரியும் தேறவில்லை. வெளியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தார். அக்கா திடீரென்று நின்றார். "வண்டிய எடு. போற வழியில யோசிச்சுக்கலாம்." ஒரு கத்தை வெள்ளைத் தாள், பேனா, கத்தரிக்கோல், சொல்யூஷன் டப்பா, அம்பு ரோல், ஐஸ் ஃப்ளாஸ்க், எல்லாம் ஒரு பையில். அஞ்சலிக்காரரிடம் சாயந்திரம் வரச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே பின்னால் உட்கார்ந்து அக்கா பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி கேட்கவில்லை. "அவ அம்மா வர்றா..." "இல்ல, அம்மா வேணாம்..." "தம்பி, சாவு வேணாம்னு எடுத்துட்டா அழுகையே வராதே..." நான் திரும்பிக் கத்தினேன்: "அழுகை வரலைன்னா போவட்டும்க்கா!" வாணியம்பாடி பாலத்துக்குப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் டீ குடித்தேன். அவர் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, முழங்காலில் தாளை வைத்து எழுதினார். எழுதியதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கசக்கிப் போட்டார். மூன்று தாள் போயிற்று. எனக்கே உறுத்த ஆரம்பித்துவிட்டது.

ஆலங்காயத்தில் அந்தப் பெண்ணின் வீடு எங்கே என்று தெரியாது. பஜாரில் இருந்த மெடிக்கலில் கேட்டோம். டயாலிசிஸ் பேஷன்ட் வீடு எது என்று மெடிக்கல்காரருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் சொன்ன வழியில், மலைப்பக்கம் திரும்பி, ஒரு மாந்தோப்புக்கு எதிரே இருந்த வீட்டில் நின்றோம். இறங்கும்போது அக்காவின் கையில் ஒரே ஒரு தாள்கூட எழுதப்பட்டதாக இல்லை. எல்லாம் வெள்ளை.

அந்தப் பெண்ணின் அம்மா வெளியே வந்தார். யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாம்மா பக்கத்து பெட்டு? நீங்களாவது சொல்லுங்க. நாளைக்கு வேலூர் போவணும். வரலைங்கறா. நேத்து வந்ததுலருந்து ஒரு புக்கை வெச்சிகினு படிச்சிகினே இருக்கா. சோறும் துன்னல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா எங்களை உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய் இரண்டு இளநீர் சீவிக்கொண்டு வந்தார். வந்தவர்களை உபசரிக்க வேண்டுமே. கிட்னிக்காரர்களுக்கு இளநீர் விஷம் மாதிரி, பதற்றத்தில் அந்த அம்மாவுக்கு அது மறந்துபோயிருந்தது. அக்கா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அதன் ஈரம் விரலில் படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "ரெண்டையும் நீயே குடி தம்பி. நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். கையில் புத்தகம். கண் சிவந்திருந்தது. ஆனால் அழுத முகமாக இல்லை. சண்டைக்கு வந்த முகமாக இருந்தது.

"முடிச்சிட்டியா?" என்றார் அக்கா.

"முடிச்சிட்டேன்."

"கண்ணு, அந்தக் கடைசி சேப்டரு தப்பு. நான் ஒடம்பு நல்லாயிருந்தப்ப எழுதனது. அதை மாத்தத்தான் வந்திருக்கேன். நீ அதை நம்பாத. அவ சாவ மாட்டா."

"அவ சாவறா, பொழைக்கறா, அது எனக்கு ஒண்ணும் பயமா இல்லக்கா" என்றாள் அந்தப் பெண். "சாவு இன்னா எனக்குப் புதுசா? ஆனா புக்கு பூரா பொய்யா இருக்குது. இவ்ளோ பெரிய வார்டுல ஒருத்தி படுத்துகினு இருக்கா, பக்கத்து பெட்டே இல்லயே? மொதல்லருந்து கடைசி வரைக்கும் ஒருத்தரும் அவ கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் வந்த மொத நாளு நீங்க என் பக்கம் திரும்பி இன்னா கேட்டீங்க? 'இன்னா, புதுசா?'ன்னு கேட்டீங்க இல்ல? எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா கேட்டீங்க. அவளை யாருக்கா கேட்டாங்க?"

வராந்தாவில் உட்கார்ந்து விசாரித்து எழுதியவருக்கு வார்டுக்குள் பக்கத்து பெட் இருப்பது தெரிந்திருக்க வழியில்லை. கடைசி அத்தியாயத்தையே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர், முதல் பக்கத்திலிருந்தே விட்டுப்போயிருந்ததைப் பார்க்கவில்லை. எனக்கும் அது தோன்றவே இல்லை. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதோடு சரி.

அக்கா பைக்குள் கையை விட்டு அம்பு ரோலை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். "எங்கெங்க யாராச்சும் பேசியிருக்கணுமோ, அங்கெல்லாம் ஒண்ணு ஒட்டிடு. ஒட்டி நாளைக்குக் கொண்டா."

"நாளைக்கு நான் வரலக்கா."

"புக்கைக் கொண்டா. அது என் புக்கு. நான் ஆலங்காயத்துக்கு தெனம் வர முடியுமா?"

அந்தப் பெண் அம்பு ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இடம் மாறிப் போயின. மதியத்துக்கு மேல் மாமா போன் செய்தார். "வந்துட்டா தம்பி. புக்கு பூரா அம்பு. பேப்பரே தெரியல."

அந்த நாவலை அக்கா முதலிலிருந்து திரும்ப எழுதினார். மெஷினில் படுத்துக்கொண்டு வலது கையால் எழுதுவார். பக்கத்து பெட்டிலிருந்து அந்தப் பெண் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்படி இருக்காது, இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் சண்டை போடுவதை நர்ஸ்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். சாயந்திரம் என் கடைக்கு வந்தால் பழையபடி உறுத்தல், பழையபடி மாற்றல். நடுவில் நெஞ்சில் நீர் கோத்து ஒரு தடவை, கையில் அந்த மோட்டார் நின்றுபோய் ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் கிடந்தார். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். எனக்கு அலுத்துப்போகும். அவருக்கு அலுக்காது.

எல்லாம் முடிந்து நாவல் ஓர் இடத்தில் வந்து நின்றது. கதாநாயகி இப்போது வார்டில் பழைய ஆள். பக்கத்து பெட்டுக்கு யாரோ ஒருத்தியைத் தள்ளுவண்டியில் கொண்டு வருகிறார்கள். இவள் திரும்பிப் பார்த்து, "இன்னா, புதுசா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் எழுதினா அவ சாவணும், இல்லன்னா பொழைக்கணும். ரெண்டும் எனக்குத் தெரியாது தம்பி."

"கதைன்னா ஒரு முடிவு வேணாமாக்கா?"

அக்கா தாளைச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். "இன்னும் கொஞ்சம் ரீஒர்க் இருக்குது. பாக்கலாம்" என்றார். ஏ கிரேடு என்று சொல்லவில்லை. அம்பும் ஒட்டவில்லை.

பார்க்க முடியவில்லை. வேலூருக்குப் போக வேண்டியில்லாத ஒரு நாளில், வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் அடித்தேன். பெயரை மட்டும் எத்தனை தடவை அடித்தும் சரியாக வரவில்லை. எழுத்து பெரிதாகத் தெரிந்தது, சிறிதாக்கினால் ஓரமாகத் தெரிந்தது. எனக்கு அவர் மேல் பயங்கரமான கோபம் வந்தது. முடிக்காமல் போய்விட்டாரே என்ற கோபம்.

மாமா வந்து "அதை அச்சடிச்சுடு தம்பி" என்றார். அடித்தேன். ஆனால் வெளியே விடவில்லை. கட்டைப் பிரித்து ஒன்றை எடுப்பேன், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பேன், முடியாத புத்தகத்தை எப்படிக் கொடுப்பது என்று திரும்ப வைத்துவிடுவேன். அடுத்த நாள் வேறு ஏதாவது கண்ணில் படும். கட்டுகள் என் மேசைக்கு அடியிலேயே கிடந்தன. மாமா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் காலை ஒரு வேன் கடை வாசலில் வந்து நின்றது. ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வேலூர் டயாலிசிஸுக்குப் போகிற வேன். அந்தப் பெண் இறங்கி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"அண்ணா, அக்கா புக்கு ஒண்ணு குடுங்க."

"எதுக்கும்மா? அது இன்னும்..."

"அக்கா பெட்டை எனக்குக் குடுத்துட்டாங்க. என் பழைய பெட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காரு. பள்ளிகொண்டாகாரர். ரெண்டு தடவையா சொவத்தைப் பாத்துகினு அழுவுறாரு. பேசினா பதிலே இல்ல."

"நீ இன்னா பேசின?"

அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். "இன்னா பேசுவாங்க? 'இன்னா, புதுசா?'ன்னு கேட்டேன்."

நான் குனிந்து ஒரு கட்டைப் பிரித்தேன். ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். என்னை அறியாமல் அதை ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்திருந்தேன். கட்டைவிரல் அந்தக் கடைசி வரி மேல் போய் நின்றது. தேய்த்துப் பார்த்தேன். உறுத்தவில்லை.

வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். "அண்ணா, டைம் ஆவுது" என்று அவள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

நான் மிச்சக் கட்டுகளையும் வெளியே இழுத்துப் போட்டேன்.